இன்னொரு ஆட்டக்காரரின் இதயத்தோடு: ராட் கரூ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அண்ணன் கபடி ஆட்டக்காரர். மாவட்ட அணிக்கு ரெய்டு போனவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் படுக்கையில் அவர் கிடந்த காலத்தில், பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து போனில் கண்டதையெல்லாம் படித்துக்கொண்டிருப்பேன். அப்படிப் படித்ததில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ராட் கரூ என்ற பேஸ்பால் ஆட்டக்காரரின் கதை. இன்று அம்மாவின் சிறுநீரகத்தோடு அண்ணன் நன்றாக இருக்கிறார். கரூவைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் சொந்தக்காரர்களும் அண்ணனின் பழைய கபடிக் கூட்டாளிகளும் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். நான் மருத்துவர் கிடையாது. மருந்து மாத்திரை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே கடைசி வார்த்தை.

யார் இந்த ராட் கரூ? பேஸ்பாலே எங்களுக்குத் தெரியாதே?

பேஸ்பாலில் பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை ஒழுங்காக அடித்துத் தளம் சேர்ந்தாலே பெரிய ஆள் என்பார்கள். கரூ தொடர்ந்து 15 பருவங்கள் அந்த அளவைத் தாண்டியவர். 1977-ல் ஆயிரத்துக்கு 388 என்ற கணக்கில் அடித்து, அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் இரண்டு பெரும் பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை வாங்கினார். 1967 முதல் 1978 வரை மின்னசோட்டா ட்வின்ஸ் அணி, அதன்பின் 1985 வரை கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் அணி. மொத்தம் 3,053 ஹிட்டுகள், ஏழு பேட்டிங் பட்டங்கள். 1991-ல் ஹால் ஆஃப் ஃபேம், அதாவது பேஸ்பால் மேதைகளின் வரிசையில் இடம் பெறும் கௌரவம்.

பிறந்ததே ஓடும் ரயிலில்தான். 1945 அக்டோபர் 1, பனாமா கால்வாய்ப் பகுதி. பிரசவம் பார்த்தவர் அதே ரயிலில் வந்துகொண்டிருந்த ரோட்னி கிளைன் என்ற டாக்டர். அவர் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள்: ரோட்னி கிளைன் கரூ.

ஆட்டத்தில் அவர் செய்த ஒரு வேலையை மட்டும் சொல்கிறேன். பந்து வீசுபவர் கையில் பந்து இருக்கும்போதே மூன்றாவது தளத்திலிருந்து கிளம்பி, கடைசித் தளத்துக்கு ஓடிப் போய்ச் சேர்வது. பந்து முந்திக்கொண்டால் அவுட். 1969 என்ற ஒரே வருடத்தில் ஏழு தடவை இதைச் செய்தார். இதை அண்ணனிடம் சொன்னபோது, "ஏழு பேர் நிக்கிற களத்துல போனஸ் கோட்டைத் தொட்டுட்டுத் திரும்புற மாதிரி" என்றார். அந்த ஓட்டம் ஓடிய நெஞ்சுதான் பின்னால் நின்றுபோனது.

அவருக்கு என்ன ஆனது?

2015 செப்டம்பர் 20. எழுபதை எட்டப் பதினோரு நாள் பாக்கி. தெற்குக் கலிபோர்னியாவில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்குத் தனியாகப் போயிருந்தார். முதல் அடி அடித்ததுமே நெஞ்சு எரிந்தது, உள்ளங்கை வியர்த்துச் சில்லிட்டது. நேராக கிளப் கட்டடத்துக்குப் போய், ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். கடுமையான மாரடைப்பு. வழியில் இதயம் நின்று, மீண்டும் துடிக்க வைத்தார்கள்.

இந்த இடத்தை நான் எல்லோரிடமும் இரண்டு தடவை சொல்வேன். அவர் அதை வாயுத் தொந்தரவு என்று நினைத்து, சோடா குடித்துவிட்டுப் படுத்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். நெஞ்சு எரிச்சலோடு கை சில்லிட்டு வியர்த்தால் ஒரு நிமிடமும் யோசிக்காதீர்கள். நம் ஊரில் 108.

உயிர் பிழைத்தார், ஆனால் இதயத் தசை பெரிதும் செத்துப்போயிருந்தது.

மாற்று இதயம் 2016 டிசம்பரில்தானே கிடைத்தது? அதுவரை எப்படி இருந்தார்?

நெஞ்சுக்குள் ஒரு பம்ப் வைத்தார்கள். இதயத்தின் இடது கீழறையிலிருந்து ரத்தத்தை இழுத்து மகாதமனியில் தள்ளுகிற சின்ன மோட்டார் அது. அதிலிருந்து ஒரு கேபிள் வயிற்றுத் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதன் முனையில் கட்டுப்பாட்டுக் கருவியும் பேட்டரிகளும். எங்கே போனாலும் பையில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். தூங்கப் போகும்போது சுவரில் உள்ள மின்சாரத்தில் இணைக்க வேண்டும். நீந்தக் கூடாது. கேபிள் வெளியே வரும் துளையில் சீழ் பிடிக்காமல் தினமும் சுத்தம் செய்து கட்டுப் போட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து, அதனாலேயே ரத்தக்கசிவு பயம்.

இன்னொரு விசித்திரம், இந்தப் பம்ப் விட்டு விட்டு அடிக்காமல் ஒரே சீராக ஓடுவதால் பலருக்குக் கையில் நாடி தெரியாது. விஷயம் தெரியாதவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் பதறிவிடுவார்.

கூட இருப்பவரும் இதையெல்லாம் படிக்க வேண்டும். கரூவின் மனைவி ரோண்டா இத்தனையையும் கற்றுக்கொண்டு கூடவே நின்றார். இந்த மாதிரி நோயில் வீட்டில் ஒருவர் பாதி நர்ஸாகிவிடுகிறார். அதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன்.

இதயம் யாருடையது?

கான்ராட் ரூலண்ட் என்ற இளைஞருடையது. வயது 29. அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணியிலும், பிறகு தொழில்முறையில் நியூயார்க் ஜெட்ஸ், பால்டிமோர் ரேவன்ஸ் அணிகளிலும் ஆடியவர். 2016 நவம்பர் கடைசியில் மூளைக்குள் வீங்கியிருந்த ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. டிசம்பர் 12-ல் இறந்தார். உறுப்பு தானத்துக்கு ஏற்கெனவே சம்மதம் தந்து வைத்திருந்தார். அமெரிக்காவில் ஓட்டுநர் உரிமம் வாங்கும்போதே அந்தக் கேள்வி வரும்.

டிசம்பர் 16-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் சீடர்ஸ்-சினாய் மருத்துவமனையில் கான்ராடின் இதயமும் ஒரு சிறுநீரகமும் கரூவுக்குப் பொருத்தப்பட்டன. இதயம் ஓயும்போது சிறுநீரகத்துக்குப் போதிய ரத்தம் கிடைக்காமல் அதுவும் கெடுவது உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டையும் ஒருவரிடமிருந்தே வாங்கிச் சேர்த்து வைப்பார்கள்.

இருவருக்கும் முன்பே அறிமுகம் இருந்ததா?

இருந்தது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

கரூவின் பிள்ளைகள் படித்த அதே பள்ளியில்தான் கான்ராடும் சிறுவயதில் படித்தான். பதினோரு வயதில் அங்கே கரூவை நேரில் பார்த்துவிட்டு, பையன் வீட்டுக்கு வந்து அன்று முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தானாம். விளையாட்டுப் பைத்தியமான பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய நாள்! பதினெட்டு வருடம் கழித்து அவன் இதயமே அந்த மனிதருக்குப் போகும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

பொதுவாக, கொடுத்தவர் பெயரை வாங்கியவருக்கும் வாங்கியவர் பெயரை கொடுத்தவர் வீட்டுக்கும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த வாரம் கரூவுக்கு இதயமும் சிறுநீரகமும் மாற்றப்பட்ட செய்தி ஊரெல்லாம் வந்தது. நாளும் இடமும் உறுப்புகளும் ஒத்துப்போவதைக் கான்ராட் வீட்டார் கவனித்தார்கள், விசாரித்தார்கள், அது உண்மைதான் என்று உறுதியானது.

2017 மார்ச்சில் இரண்டு குடும்பங்களும் சந்தித்தன. அந்தச் சந்திப்பின் வீடியோவை நான் டயாலிசிஸ் அறையில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். கான்ராடின் அம்மா மேரி, ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு கரூவின் நெஞ்சில் வைக்கிறார். மகனின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் நெஞ்சில் தலை சாய்த்து அந்தத் துடிப்பைக் கேட்டவர் அவர். அது எப்படி அடிக்கும் என்று அவருக்குத் தெரியும். தன் வயிற்றுக்குள் இருந்தபோதே முதலில் கேட்ட சத்தம் அல்லவா? அவரைத் தொடர்ந்து வீட்டிலுள்ள மற்றவர்களும் வாங்கிக் கேட்கிறார்கள். கரூ அசையாமல் உட்கார்ந்திருக்கிறார், நெஞ்சைக் கொடுத்துக்கொண்டு.

அதற்குப் பிறகு இரண்டு வீட்டாரும் ஒரே குடும்பமாகிவிட்டார்கள். சேர்ந்தே மேடையேறி உறுப்பு தானம் பற்றிப் பேசினார்கள்.

29 என்ற எண்ணைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

கரூவின் சட்டை எண் 29. அவரைக் கௌரவிக்க மின்னசோட்டா, ஏஞ்சல்ஸ் இரண்டு அணிகளுமே அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. பம்போடு வாழ்ந்துகொண்டிருந்தபோதே, 2016-ல், அமெரிக்க இதயச் சங்கத்தோடு சேர்ந்து இதய நோய் விழிப்புணர்வுக்காக ஓர் இயக்கம் தொடங்கினார். சட்டை எண்ணை வைத்து அதற்கு "29-ன் இதயம்" என்று பெயர் வைத்தார்கள். அந்த வருடக் கடைசியில் வந்து சேர்ந்தது 29 வயதுக்காரரின் இதயம். வெறும் தற்செயல்தான். ஆனாலும் கான்ராடின் அம்மா அதைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் தேடினால், பிடித்துக்கொள்ளட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிரபலம் என்பதால்தான் கிடைத்ததா? 71 வயதுக்காரருக்கு 29 வயது இதயம் நியாயமா?

நம் ஊரில் பணமும் செல்வாக்கும் என்னென்ன செய்யும் என்று பார்த்தவர்கள் இப்படிக் கேட்பதில் தப்பில்லை. அமெரிக்காவில் உறுப்பு ஒதுக்கீடு நாடு முழுவதற்குமான ஒரே கணினிப் பட்டியலில் நடக்கிறது. ரத்த வகை, உடலின் அளவு, நோயின் தீவிரம், காத்திருந்த காலம், தூரம் இவைதான் கணக்கு. பெயருக்கும் புகழுக்கும் அதில் இடம் கிடையாது.

தூரம் ஏன் என்றால், வெளியே எடுத்த இதயத்தைப் பனிக்கட்டியில் வைத்தாலும் சுமார் நான்கு மணி நேரத்துக்குள் பொருத்த வேண்டும். சிறுநீரகம் ஒரு நாளைக்கு மேலும் தாங்கும். கான்ராட் ஆறடிக்கு மேல் வளர்ந்த, திடமான ஆள். அந்த அளவு இதயம் சின்ன உடம்புக்காரருக்குப் பொருந்தாது. ரத்த வகையும் சேர வேண்டும். இத்தனையும் ஒரே நேரத்தில் ஒருவருக்கு அமைவது அரிது.

வயது பற்றிய கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை என்பதைவிட, கான்ராடின் தாயே பதில் சொல்லிவிட்டார் என்பேன். மகனின் இதயம் போன இடத்தில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

கரூ ஏன் உறுப்பு தானம் பற்றி இத்தனை உருக்கமாகப் பேசுகிறார்? தனக்குக் கிடைத்ததாலா?

அதற்கும் இருபது வருடம் முன்னால் தொடங்கிய கதை அது. அவருடைய கடைசி மகள் மிஷெலுக்கு 1995-ல் ரத்தப் புற்றுநோய் வந்தது. 17 வயதுப் பெண். எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும். மஜ்ஜை பொருந்துவது பெரும்பாலும் வம்சாவளியைப் பொறுத்தது. அப்பா பனாமாவின் கறுப்பினத்தவர், அம்மா கிழக்கு ஐரோப்பிய யூத வம்சம். இந்தக் கலப்புக்குப் பொருந்துகிறவர் மஜ்ஜை தர முன்வந்தவர்களின் பதிவேட்டில் ஒருவர்கூட இல்லை. சகோதரிகளுடையதும் பொருந்தவில்லை.

ஆட்டக் காலத்தில் கரூ பத்திரிகைக்காரர்களைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவர். யாரோடும் அதிகம் ஒட்டாதவர். அந்த மனிதர் மகளுக்காக மைக்குகளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, பதிவு செய்யுங்கள் என்று கேட்டார். அவர் பேச்சைக் கேட்டு அமெரிக்கா முழுவதும் பல்லாயிரம் பேர் மஜ்ஜை தரப் பெயர் கொடுத்தார்கள். மிஷெலுக்குப் பொருந்துகிறவர் மட்டும் வரவில்லை. தொப்புள்கொடி ரத்தத்தை வைத்து முயன்று பார்த்தார்கள். 1996 ஏப்ரல் 17-ல், பதினெட்டு வயதில், அவள் போய்விட்டாள்.

கேட்டுக் கிடைக்காத தகப்பன், இன்னொரு வீட்டுப் பிள்ளையின் இதயத்தை வாங்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். பிள்ளையைப் பறிகொடுத்த மேரியோடு பேசும்போது அவருக்கு அந்த வலி புதிதில்லை. இருவரும் ஒரே படியில் நின்றவர்கள். உறுப்பு தானம் பற்றி யார் பேசினாலும் கேட்பேன், ஆனால் கரூ பேசினால் எனக்குக் கேட்கிற விதமே வேறு.

இதயம் மாறினால் மனசும் மாறிவிடுமா?

தமிழில் நெஞ்சு, இதயம், மனசு எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடப்பதால் இந்தக் கேள்வி நம்மிடம் கட்டாயம் வரும். என் பெரியம்மாதான் முதலில் கேட்டார். நினைவும் ஆசையும் குணமும் மூளையில் இருக்கின்றன. இதயம் ரத்தத்தை இறைக்கிற தசை. பெரிய நோயைத் தாண்டி வந்தவர் கொஞ்சம் மாறித்தான் போவார். சாவின் வாசல் வரை போய்வந்தவர் யாருக்கும் நடப்பது அது.

புது இதயம் பழையது மாதிரியே துடிக்குமா?

துடிக்காது. விளையாட்டுக்காரர்கள் எல்லோரும் ஆர்வமாகக் கேட்கிற விஷயம் இது.

இதயத்தை எடுக்கும்போது அதோடு வந்த நரம்புகள் அறுபடுகின்றன. ரத்தக்குழாய்களைத் தைப்பது மாதிரி நரம்பைத் தைக்க முடியாது. ஓய்வாக இருக்கும்போது இதயத்தின் வேகத்தைக் குறைத்து வைக்கிற நரம்பு இல்லாததால், சும்மா உட்கார்ந்திருந்தாலே நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை துடிக்கும். நல்ல ஓட்டக்காரருக்கு ஓய்வில் 50 இருந்திருக்கும், அதுதான் அவருடைய பெருமையாகவும் இருந்திருக்கும்.

ஓடத் தொடங்கினால் உடனே வேகம் ஏறாது. "ஓடுகிறேன்" என்ற செய்தி நரம்பு வழியாகப் போகாமல், அட்ரினலின் ரத்தத்தில் கலந்து இதயத்தைச் சென்றடைகிற வரை காத்திருக்க வேண்டும். அதனால் படி ஏறினால் முதல் சில நிமிடம் மூச்சு வாங்கும், பிறகு சரியாகும். நிறுத்திய பிறகும் சட்டென்று இறங்காமல் கொஞ்ச நேரம் வேகமாகவே அடித்துக்கொண்டிருக்கும். ஆகவே எந்த உடற்பயிற்சிக்கும் முன்னால் நீண்ட வார்ம்-அப், முடிந்ததும் மெல்ல மெல்லத் தணிப்பது, இரண்டும் கட்டாயம். விசில் அடித்ததும் பாய்கிற பழக்கத்தை விட வேண்டும்.

நரம்பு இல்லாததால் வரும் பெரிய ஆபத்து, அடைப்பு ஏற்பட்டாலும் பலருக்கு நெஞ்சு வலிக்காது. அதனால்தான் வலி இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஆஞ்சியோ பார்க்கிறார்கள். சிலருக்கு ஆண்டுகள் போகப் போக நரம்புகள் ஓரளவு மீண்டும் வளர்வதுண்டு.

மாத்திரை எத்தனை நாளைக்கு?

மாற்று உறுப்பு உள்ளே இருக்கும்வரை. உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு அந்த உறுப்பு என்றைக்குமே அந்நியம்தான். ஐந்து வருடம் ஆனாலும் பழகிக்கொள்ளாது. அது உறுப்பைத் தாக்காமல் அடக்கி வைக்கத்தான் இந்த மாத்திரைகள். டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசலோன், இந்த மூன்றும்தான் வழக்கமான கூட்டு. டாக்ரோலிமஸை அநேகமாகப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் போட வேண்டும். எங்கள் வீட்டில் காலை எட்டு, ராத்திரி எட்டு. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் எட்டு மணிக்கு அண்ணன் பையிலிருந்து டப்பா வெளியே வந்துவிடும்.

பக்கவிளைவுகளை மறைக்க விரும்பவில்லை. கை நடுங்கும். அண்ணனுக்குச் சட்டைப் பொத்தான் போட முதல் சில மாதம் நான் உதவினேன். முகம் உப்பும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறலாம், தொற்று எளிதில் வரும், தோல் புற்றுநோய் வாய்ப்பு கூடும். டாக்ரோலிமஸ் நாளடைவில் சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடியது. அதனால் ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துப் பார்த்துக் கூட்டிக் குறைப்பார்கள்.

"நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை" என்று நிறுத்தியவர்களை டயாலிசிஸ் அறையில் திரும்பவும் பார்த்திருக்கிறேன். பணமில்லாமல் நிறுத்தியவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பார்த்ததை என்னால் மறக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் அரசு காப்பீட்டிலும் அரசு மருத்துவமனைகளிலும் உதவி கிடைக்கிறது. கேட்க வெட்கப்படாதீர்கள்.

உடம்பு உறுப்பை ஏற்காவிட்டால் எப்படித் தெரியும்?

இதயத்தில் ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாமல்கூட இருக்கலாம். அதனால் பயாப்ஸி. கழுத்து ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கருவியை இதயத்துக்குள் இறக்கி, கடுகளவு தசையைக் கிள்ளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். முதல் மாதம் அநேகமாக வாரம் ஒருமுறை, போகப் போக இடைவெளி கூடும். சிறுநீரகத்துக்கு, அது வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதே முதல் எச்சரிக்கை. காய்ச்சல், கால் வீக்கம், சிறுநீர் குறைவு, திடீர் எடை ஏற்றம் எதையும் "நாளைக்குப் பார்ப்போம்" என்று விடக்கூடாது.

சாப்பாட்டில் என்ன கட்டுப்பாடு?

பம்ப்ளிமாஸும் அதன் இனமான கிரேப்ஃப்ரூட்டும் கூடவே கூடாது. அவை டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். காய்ச்சாத பால், வேகாத முட்டை, தெருவோரம் நறுக்கி வைத்த பழம், ஐஸ் போட்ட ஜூஸ் வேண்டாம். ஊரில் நல்ல மனதோடு கொண்டுவந்து தரும் கஷாயம், லேகியம் எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். இதில் சொந்தக்காரர்களிடம் கொஞ்சம் கெட்ட பெயர் வாங்கத்தான் வேண்டும்.

மாற்று உறுப்போடு மறுபடி களத்தில் இறங்கியவர்கள் உண்டா?

உண்டு, அதுவும் உலக மேடையில். கூடைப்பந்தில் ஷான் எலியட் 1999-ல் அண்ணனின் சிறுநீரகத்தை வாங்கி, 2000 மார்ச்சில் மறுபடி என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியில் ஆட இறங்கினார். அலோன்சோ மோர்னிங் 2003-ல் உறவினரின் சிறுநீரகத்தைப் பெற்று, 2006-ல் மயாமி ஹீட் அணியோடு கோப்பை வென்றார். குரோஷியக் கால்பந்து வீரர் இவான் கிளாஸ்னிச்சுக்கு 2007-ல் அம்மா தந்த சிறுநீரகத்தை உடம்பு ஏற்கவில்லை, அப்பா தன்னுடையதைக் கொடுத்தார். 2008 யூரோ கோப்பையில் அவர் கோல் அடித்தார். கிறிஸ் கிளக் கல்லீரல் மாற்றிய 2 வருடத்துக்குள், 2002 குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு வெண்கலம் வாங்கினார். கோல்ஃப் ஆட்டக்காரர் எரிக் காம்ப்டன் இரண்டு முறை இதயம் மாற்றியவர். 2014 யுஎஸ் ஓப்பனில் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

நியூசிலாந்து ரக்பி வீரர் ஜோனா லோமுவையும் சொல்ல வேண்டும். 2004-ல் ஒரு நண்பர் சிறுநீரகம் கொடுத்தார், திரும்பி வந்து ஆடினார். 2011-ல் அந்தச் சிறுநீரகம் செயலிழந்து மறுபடி டயாலிசிஸுக்குப் போனார். 2015-ல் நாற்பது வயதில் இறந்தார். ஜெயித்த கதைகளை மட்டும் சொல்லி யாருக்கும் பொய் நம்பிக்கை தர எனக்கு மனமில்லை.

கரூ ஆடத் திரும்பும் வயதில் இல்லை. அவருக்குப் பேரப்பிள்ளைகளோடு நடப்பதே ஆட்டம். உலக உறுப்பு மாற்று விளையாட்டுப் போட்டிகள் 1978-லிருந்து நடக்கின்றன. உறுப்பு பெற்றவர்கள் எந்த வயதிலும் அதில் ஓடலாம், நீந்தலாம். அண்ணன் கபடியை விட்டுவிட்டார். புது சிறுநீரகம் விலா எலும்பின் காப்பு இல்லாமல் அடிவயிற்றில், தோலுக்கு அருகே இருக்கிறது. ஒரு உதை போதும். இப்போது காலையில் நடக்கிறார், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்.

எத்தனை வருடம் வாழலாம்?

1967 டிசம்பரில் கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் உலகின் முதல் மனித இதய மாற்று சிகிச்சை செய்தார். நோயாளி 18 நாள் உயிரோடிருந்தார். கரூ தன் முதல் பருவம் ஆடி, சிறந்த புதுமுக வீரர் விருது வாங்கிய அதே வருடம். 1980-களில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்த பிறகுதான் நிலைமை மாறியது. இன்று பத்தில் எட்டு ஒன்பது பேர் முதல் வருடத்தைத் தாண்டுகிறார்கள், பாதிப் பேர் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் வாழ்கிறார்கள். கரூ 2020-ல் தன் வாழ்க்கைக் கதையை நூலாக வெளியிட்டார். 2024-ல், 78 வயதில், அமெரிக்கக் குடிமகனாக உறுதிமொழி எடுத்தார்.

இன்று ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?

முட்டி வலிக்கு மெடிக்கல் கடையில் நீங்களாக வாங்கிப் போடும் வலி மாத்திரையை நிறுத்துங்கள். டைக்ளோபினாக், ஐபுப்ரோபன் வகைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கின்றன. வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் ஆடுகிற நாளில் அது இன்னும் மோசம். அண்ணன் டோர்னமென்ட் சீசன் முழுக்க அதைப் போட்டுக்கொண்டுதான் ஆடினார். கால் வீங்கியபோது "அடி பட்டிருக்கும்" என்று விட்டுவிட்டோம். ஊரில் காட்டிய இடத்திலும் ரத்த அழுத்தத்தைக்கூடப் பார்க்காமல் மேலும் வலி மாத்திரையே எழுதிக் கொடுத்தார்கள். வருடம் ஒருமுறை ரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் மூன்றையும் பாருங்கள். ஆட்டக்காரன் உடம்பு வலியை விழுங்கப் பழகியது. நோயும் அந்தப் பழக்கத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

இங்கே உறுப்பு தானம் செய்ய என்ன வழி?

தமிழ்நாட்டில் உறுப்பு மாற்று ஆணையம் என்ற அரசு அமைப்பு இருக்கிறது. பதிவு செய்வது எளிது, ஆனால் நீங்கள் பதிவு செய்திருந்தாலும் அந்த நேரத்தில் சம்மதிக்க வேண்டியது குடும்பம். அதனால் வீட்டில் இன்றைக்கே சொல்லி வையுங்கள். மூளைச்சாவு வேறு, கோமா வேறு. மூளைச்சாவிலிருந்து யாரும் திரும்புவதில்லை. நான்கு மருத்துவர்கள், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்த பிறகே அறிவிப்பார்கள். 2008-ல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் 15 வயது மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் நம் ஊரில் இதை வீட்டுக்குள் பேசத் தொடங்கினோம். 2023-லிருந்து உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது.

உங்கள் அண்ணன் கரூவின் கதையைக் கேட்டு என்ன சொன்னார்?

அப்போது ஒன்றும் சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் இருக்கும், ஒரு சாயங்காலம் அந்த ஸ்டெதாஸ்கோப் வீடியோவை மறுபடி போடச் சொன்னார். பார்த்து முடித்ததும் அம்மாவைக் கூப்பிட்டு, அவர் கையைப் பிடித்துத் தன் அடிவயிற்றின் வலது பக்கம் வைத்தார். தோலுக்கு அடியில் சின்னக் கட்டி மாதிரி கைக்குத் தட்டுப்படும்.

"உன்னோடதும்மா" என்றார்.

அம்மா கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை. பிறகு, "வயித்தைக் காலியாப் போடாதடா, தண்ணி குடிச்சியா?" என்று கேட்டார். எட்டு மணி அலாரம் அடித்தது. நான் மாத்திரை டப்பாவை எடுக்கப் போனேன்.